ரெண்டு பக்கமும் விசேஷம்

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் விசேஷம். என்ன விசேஷம் என்று என் மாமியாரைக் கேட்டால் ஒன்று சொல்லியிருப்பார், கீழ் வீட்டு கௌரம்மாவைக் கேட்டால் வேறொன்று சொல்லியிருப்பார். வீட்டுக்காரியான எனக்குத்தான் விஷயம் கடைசியில் தெரிந்தது.

முதலில் என் உடம்பைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். தைராய்டு, பிசிஓஎஸ் — இரண்டும் ஜோடியாக என்னிடம் குடியிருக்கின்றன. ஒன்று எடையை ஏற்றும். இன்னொன்று அதை இறங்கவிடாமல் பிடித்துக்கொள்ளும். அவற்றுக்குள் அப்படியொரு ஒற்றுமை!

ஐந்து மாதமாக ராகி, சுண்டல், நடை, மாத்திரை என்று மல்லுக்கட்டி மூன்று கிலோ குறைத்தேன். ஆமாம், மூன்றுதான். சிரிக்காதீர்கள். டாக்டரம்மா, "வெரி குட், உங்களுக்கு இது பெரிய விஷயம்" என்றார். ஆனால் டாக்டருக்கு மட்டும் தெரிந்து என்ன பிரயோஜனம்? ஒரே ஒரு ஆளாவது, "என்ன, இளைச்சிட்டியே!" என்று கேட்டுவிட மாட்டார்களா என்று ஏங்கினேன். என் கணவர் ராஜ் முன்னால் பக்கவாட்டில் திரும்பித் திரும்பி நின்று பார்த்தேன். "இன்னா, கழுத்து பிடிச்சிக்கிச்சா?" என்று கேட்டுவிட்டு பீன்யாவில் இருக்கும் தன் ஃபேக்டரிக்குக் கிளம்பிப் போய்விட்டார்.

இந்த நேரத்தில்தான் வேலூரிலிருந்து என் மாமியார் வந்தார். கண்ணில் புரை. ஆபரேஷன் இங்கே. முடிந்ததும் கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு எங்கள் ஜீவனஹள்ளி வீட்டுக் கூடத்தில், சிபிஐ அதிகாரி மாதிரி உட்கார்ந்திருந்தார்.

பார்வை மங்கலாக இருந்தும் எல்லாவற்றையும் பார்த்திருக்கிறார். விடிந்ததும் வெறும் வயிற்றில் நான் போடும் தைராய்டு மாத்திரை. காபியைக் கையில் தொடாமல் நான் காத்திருக்கும் நேரம். பிசிஓஎஸ்ஸுக்காகப் போடும் இன்னொரு மாத்திரை தரும் குமட்டல். 'லேடி டாக்டர்' என்று போனில் பேசியது. இதற்கெல்லாம் வேலூரில் ஒரே அர்த்தம்தான்.

அவருக்கு ஏற்கெனவே தெரியும் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். ராஜ் சொல்லியிருப்பார் என்று நான்... நான் சொல்லியிருப்பேன் என்று ராஜ். அதனால் ஒரு நாள் ஸ்கேன் எடுத்து வந்தவள், "ரெண்டு பக்கமும் இருக்காம் அத்தை, பயப்பட ஒண்ணும் இல்லன்னு சொன்னாங்க" என்று சொல்லிவிட்டு பாத்ரூமுக்கு ஓடினேன். குடித்த தண்ணீர் அப்படி! திரும்பி வந்தபோது மாமியார் மாதா படத்தின் முன்னால் சிலுவை போட்டுக்கொண்டிருந்தார். என் சினைப்பை நீர்க்கட்டிக்கு இவ்வளவு பக்தியா என்று நெகிழ்ந்து போனேன்.

அன்றிலிருந்து என் தட்டு மாறியது. ராகி உருண்டைக்குள் நெய். சாம்பாரில் நெய். மோரில்கூட என்னவோ மிதந்தது. தண்ணீர் கேனைத் தூக்கினால், "கீழ வைடி!" என்று அதட்டல். காலை உணவுக்கு வாங்கி வைத்த பப்பாளியைக் காணோம்.

"அத்தை, பப்பாளி எங்க?"

"கீழ் வீட்டம்மாவுக்குக் குடுத்துட்டேன். உனுக்கு இப்ப அதெல்லாம் ஆகாது."

எனக்கு அப்போதும் உறைக்கவில்லை பாருங்கள்! தைராய்டுக்குப் பப்பாளி ஆகாது போலிருக்கிறது என்று நானே கூகுளில் தேடினேன்.

இப்போது கௌரம்மாவுக்கு வருகிறேன். எங்கள் வீட்டு ஓனரின் அம்மா. ஹாசனிலிருந்து மகனோடு இருக்க வந்தவர், தமிழ் தெரியாது. நல்ல மனுஷி. யாரைப் பார்த்தாலும், "ஏன் விசேஷ?" என்பார். கன்னடத்தில் அதற்கு, 'அப்புறம், என்ன சேதி?' என்று அர்த்தம். பால்காரரையும் கேட்பார், மீட்டர் பார்க்க வருகிறவரையும் கேட்பார். நான் இதே ஊரில், ஒக்கலிபுரத்தில் பிறந்து வளர்ந்தவள், கன்னடம் தெரியும். "ஏனில்ல ஆன்ட்டி", ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டுப் போய்க்கொண்டே இருப்பேன்.

ஆனால் தமிழில்? கல்யாணமான பெண்ணைப் பார்த்து "ஏதாவது விசேஷமா?" என்றால் ஒரே ஒரு விசேஷம்தான். எனக்குக் கல்யாணமாகி ஆறு வருஷம். சர்ச் வாசலில், கல்யாணப் பந்தியில், ஏன், சாவு வீட்டில்கூட அதைக் கேட்டிருக்கிறார்கள். கேட்காத ஒரே ஆள் என் மாமியார்.

போன வெள்ளிக்கிழமை காலை. வாக்கிங் போகக் கதவோரம் ஷூ மாட்டிக்கொண்டிருந்தேன். மாடிப்படியில் மாமியார். கீழே கௌரம்மா.

"ஏன் விசேஷ அம்மா?"

மாமியார் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "எப்டிங்க கண்டுபிடிச்சீங்க? ஆமாங்க. விசேஷம்தான்."

"ஹௌதா! யாவாக?" அப்படியா, எப்போது?

"தேதி இன்னும் சொல்லலீங்க."

வீட்டில் ஏதோ விருந்து, அதுவும் ஞாயிற்றுக்கிழமைதான் இருக்கும் என்று கௌரம்மா முடிவு கட்டிவிட்டார். விருந்து என்றால் அடுத்த கேள்வி என்ன? "எஷ்டு ஜன?" எத்தனை பேர்?

மாமியார் இரண்டு விரலைக் காட்டினார். "ரெண்டு."

"பரீ இப்பரா?" கௌரம்மாவுக்குத் தாங்கவில்லை. வெறும் இரண்டு பேரை வைத்துக்கொண்டு ஒரு விசேஷமா?

"ஆமாங்க, ரெண்டு! எங்க குடும்பத்துலயே இதான் மொத தடவ!"

"பாப்பா..." என்று உச்சுக்கொட்டினார் கௌரம்மா. கன்னடத்தில் அதற்கு 'ஐயோ பாவம்' என்று அர்த்தம்.

"பாப்பாதாங்க! ரெண்டு பாப்பா!" என்று மாமியார் பூரித்துப் போனார்.

கௌரம்மா நெஞ்சில் கை வைத்துச் சொன்னார்: "சண்டே நானு ஒப்பட்டு மாடி கொடுத்தீனி." ஒப்பட்டு, அதாவது நம்ம போளி, செய்து தருகிறேன் என்கிறார்.

"மாடிக்கே கொண்டாந்து குடுக்கறீங்களா? ரொம்ப சந்தோஷங்க!"

நான் ஒரு காலில் ஷூவோடு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். சிரிப்பு வந்தது. அடக்க முடியாத சிரிப்பு. சிரித்து முடித்தபோதுதான் உறைத்தது. இந்த மனுஷியிடம் எப்படிச் சொல்வது? ஆறு வருஷத்தில் அவர் முகத்தில் அப்படியொரு சந்தோஷத்தை நான் பார்த்ததே இல்லை. ராஜுக்கு போன் போட்டேன். "நீயே சொல்லிடும்மா, எனக்கு ஷிஃப்ட் இருக்கு" என்றார். வீரர்!

வாக்கிங்கை விட்டுவிட்டு அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"அத்தை... வயித்துல கொழந்தை இல்ல. நீர்க்கட்டி."

கறுப்புக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு என் பக்கம் திரும்பினார்.

"அப்ப அந்தக் கொமட்டல்?"

"மாத்திரை அத்தை."

"ரெண்டு பக்கமும்னு சொன்னியே..."

"கட்டிங்கதான் அத்தை. ரெண்டு பக்கமும்."

"பப்பாளி?"

"தாராளமா சாப்பிடலாம்."

"ஐயோ, நல்ல பழமாச்சே... குடுத்துட்டேனே!"

கறுப்புக் கண்ணாடிக்குக் கீழே கன்னத்தில் ஈரம் இறங்கியது. "அழாதீங்க அத்தை, கண்ணு டாக்டர் அழக் கூடாதுன்னு சொல்லியிருக்கார்" என்று சொல்லிவிட்டு நான் அழுதேன். என் கண்ணில் ஆபரேஷன் எதுவும் நடக்கவில்லையே!

"ஆறு வருசமா ஒரு வார்த்த கேட்டதில்லடி. கேட்டா உன் மனசு நோவும்னு வாய மூடிக்கினு இருந்தேன்" என்றார். அப்புறம் என் கையை இறுகப் பிடித்துக்கொண்டார். "உசுருக்கு ஒண்ணும் இல்லியே?"

"அதெல்லாம் ஒண்ணும் இல்ல. எடை கொறைஞ்சா நல்லதுன்னு சொல்றாங்க. அதுதான் கொறைய மாட்டேங்குது. அஞ்சு மாசத்துல மூணு கிலோ."

"மூணு கிலோவா?" என்றவர் எழுந்து அடுப்படிக்குப் போனார். அன்று சாம்பாரில் நெய் இல்லை.

இந்தக் கலவரத்தில் கௌரம்மாவை எல்லோருமே மறந்துவிட்டோம். ஞாயிறு பூசை முடிந்து வந்து நைட்டியை மாட்டியிருப்பேன், கதவு தட்டும் சத்தம். திறந்தால் பட்டுப்புடவையில் கௌரம்மா! கையில் ஒரு அடுக்கு ஒப்பட்டு. பின்னால் அவர் மகன், மருமகள், எதிர்வீட்டு ஆன்ட்டி. இரண்டே பேரை வைத்து விசேஷம் நடத்தும் பாவப்பட்டவர்களுக்கு ஆள் சேர்த்துக் கூட்டி வந்திருக்கிறார்!

உள்ளே எட்டிப் பார்த்தார். பந்தி இல்லை, பலூன் இல்லை. லுங்கியோடு ராஜ் மட்டும்தான் இருந்தார்.

"ஏன் விசேஷ?" என்றார். அவர் நிஜமாகவே கேட்டது அன்றுதான்.

நான் ராஜைப் பார்த்தேன். ராஜ் ஃபேனைப் பார்த்தார். என்னவென்று சொல்வது? கட்டி என்றா? ஒன்றுமில்லை என்றா?

மாமியார் எழுந்து வந்தார். என் தோளைப் பிடித்து, எல்லோரும் பார்க்கும்படி பக்கவாட்டில் திருப்பி நிறுத்தினார்.

"நல்லா பாருங்க. என் மருமவ மூணு கிலோ எறங்கியிருக்கா. அதான் விசேஷம்!"

நான்தான் கன்னடத்தில் மொழிபெயர்க்க வேண்டியிருந்தது. என் மூன்று கிலோவை நானே அறிவித்தேன். கௌரம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"ஹௌது! சண்ண ஆகித்தீரா!" — ஆமாம், இளைச்சிருக்கீங்க!

சொல்லிவிட்டார்! எல்லோரும் உட்கார்ந்தோம். மாமியார் முதல் ஒப்பட்டைப் பிட்டு என் வாயில் ஊட்டினார். அடுத்ததை கௌரம்மா ஊட்டினார்.

அன்று சாயங்காலம் நான் எடை பார்க்கவில்லை. விசேஷ நாளும் அதுவுமாக யாராவது எடை பார்ப்பார்களா, என்ன?