வரப்பில் ஓர் ஆண் ஈ

போன புரட்டாசியில் நான் ஓர் ஆண் ஈயைத் தேடிக்கொண்டிருந்தேன். சிரிப்பு வந்தால் சிரித்துக்கொள்ளுங்கள். எள்ளளவுதான் இருக்கும். மஞ்சள் உடம்பு, முதுகில் கறுப்புக் கோடுகள். புல் தண்டுக்குள் புழுவாக வளர்ந்து, வெளியே வந்து, அந்தப் புல்லிலேயே உட்கார்ந்து செத்துப்போகிற ஜாதி. பாகூர் ஏரிக்குக் கீழே ஒரே ஒரு வரப்பில்தான் அதைப் பார்த்தேன். பெண் ஈக்கள் பதினொன்று சிக்கிவிட்டன. பெண்ணை மட்டும் வைத்துக்கொண்டு இது புது இனம் என்று யாரிடமும் சாதிக்க முடியாது. இனத்துக்கு இனம் வேறுபடுவது ஆணின் வயிற்று நுனியில் உள்ள உறுப்புதான், அதைப் பார்த்தால்தான் தெரியும். ஒன்றே ஒன்று கிடைத்தால் போதும்.

கல்லூரியில் விலங்கியல் நடத்தி ஓய்வு பெற்று, மனைவியும் இறந்த பிறகு, வாடகை குறைவு என்று பாகூரில் ஓர் அறை எடுத்திருந்தேன். பெங்களூரில் இருக்கும் மகள் ஞாயிற்றுக்கிழமை பேசுவாள். மற்ற ஆறு நாளும் நான் வாயைத் திறப்பது டீக்கடையில் "சர்க்கரை கம்மியா" என்று சொல்லத்தான். தனிமை பழகிவிடும் என்றார்கள். பொய். பழகவே இல்லை.

வரப்பின் சொந்தக்காரருக்கும் என் வயதுதான் இருக்கும். முதல் நாள் நான் புல்மேல் வலை வீசுவதைப் பார்த்துவிட்டு வந்தார்.

"இன்னா சார், பூச்சியா?"

"ஆமா."

அதற்குமேல் நான் விளக்கவில்லை. வருஷக்கணக்காக வகுப்பில் விளக்கி யாரும் காதில் போட்டுக்கொள்ளாத கடுப்பு எனக்கு உண்டு. வயலில் ஒருவன் பூச்சி தேடினால் அது ஒழிப்பதற்குத்தான் என்பதில் அங்கே யாருக்கும் சந்தேகம் கிடையாது. அது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

அதன் பிறகு தினமும் காலையில் வருவார். "இன்னிக்கி எத்தினி சார்?" என்பார். சொல்வேன். கவலையோடு தலையாட்டுவார். பிறகு மோட்டார் ரிப்பேர், மருமகனின் வீம்பு, முழங்கால் வலி என்று அரைமணி நேரம் போகும். அந்த அரைமணிக்காகவே சீக்கிரம் எழுந்திருக்க ஆரம்பித்தேன். ஈ கிடைக்காத நாளில்கூட மனசு அவ்வளவாக வாடவில்லை.

நடவுக்கு முன்னால் ஒரு காலை, மருந்து டேங்கை முதுகில் மாட்டிக்கொண்டு அவர் வரப்பு முனையில் நின்றிருந்தார். காற்றே நாறியது. அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

"முடிச்சிட்டேன் சார். ஒரு பூச்சி இருக்காது. எங்க நெலத்துக்காக தெனம் வெயில்ல வந்து நிக்கிறீங்களேன்னு எனக்கே கஷ்டமா பூட்ச்சி. இனிமே நீங்க அலைய வேணாம்."

யாரிடம் கத்துவது? எனக்காக இவ்வளவு செய்தவர் வேறு யார் இருக்கிறார்கள்? "நல்லதுங்க" என்று சொல்லிவிட்டு அறைக்கு வந்து, கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

அழுது முடித்ததும் மூளை வேலை செய்தது. தண்டுக்குள் இருக்கும் புழுக்களை மருந்து எட்டியிருக்காது. வரப்பை அப்படியே விட்டுவைத்தால் சில வாரங்களில் ஈக்கள் வெளியே வரும், ஆணும் வரும். மறுபடி மருந்தடித்தால் அது புல்லில் ஊறி, வெளியே வருகிற ஈயையும் கொன்றுவிடும், அதோடு சரி.

மூன்றாம் நாள் வலையோடு போனேன். நாலு முறை வீசியும் ஒன்றும் விழவில்லை. வாய்க்காலில் மம்மட்டியோடு நின்றிருந்தவர் வேகமாக வந்தார்.

"இன்னும் இருக்குதா சார்?"

இல்லை என்றால் வரப்பு பிழைக்கும். ஆனால் நாளைக்கு நான் எதைச் சொல்லிக்கொண்டு இங்கே வருவது? உண்மையைச் சொன்னாலோ, மனிதர் வெட்கப்பட்டு என்னைக் கண்டாலே ஒதுங்கிப் போவார்.

"இருக்குதுங்க" என்றேன்.

"அப்ப நாளைக்கி இன்னொரு தபா அடிச்சிடலாம். காலைல வந்துடுங்க சார்."

"வரேன்" என்றேன்.