வேனுக்குள் ஒரு வாளித் தண்ணீர்

நெல் அறுக்கும் மெஷின் ஓட்ட எனக்கு வரும். வயல்காரர்களிடம் பேச வராது. பேச்செல்லாம் என் மனைவிதான். அதனால் தை, மாசியில் ஊர் ஊராக அறுப்புக்குப் போகும்போது அவளும் உடன் வந்தாக வேண்டும். அதற்காகவே பழைய பள்ளிக்கூட வேன் ஒன்றை வாங்கி, சீட்டுகளைக் கழற்றிவிட்டு, நீளமாக ஒரு பெஞ்சும் அடுப்பு மேடையும் வைத்தேன்.

அவள் ஒரே நிபந்தனைதான் போட்டாள்.

"வெள்ளிக்கிழமை வாளித் தண்ணி ஊத்திக் கழுவணும். கழுவ முடிஞ்சா அது வீடு, வர்றேன். இல்லன்னா அது வண்டி. நீங்களே போயிட்டு வாங்க."

துருப்பிடித்த தகரத்தின் மேல் பிளைவுட் அடித்து, பூப்போட்ட பிளாஸ்டிக் விரிப்பு ஒட்டினேன். ஈரத்துணியால் துடைத்தால் போதும் என்றார் கடைக்காரர். அதை வீட்டில் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. மூன்றாவது வெள்ளிக்கிழமை பிளைவுட் அப்பளமாக உப்பி, கதவு சாத்த முடியவில்லை. கயிறு போட்டுக் கட்டி ஓட்டினேன்.

அவள் தம்பி கொத்தனார். "டைல்ஸ் போட்டுடுவோம் மச்சான், ஆயுசுக்கும் கவலை இல்ல" என்றான். போட்டான். திருத்துறைப்பூண்டி போகிற வழியில் ஒரு மதகு மேட்டில் ஏறி இறங்கியபோது பின்னால் தட்டு உடைகிற சத்தம் கேட்டது. பார்த்தால் தட்டுகள் நன்றாகத்தான் இருந்தன, டைல்ஸ்தான் துண்டு துண்டாகக் கிடந்தது. அவள் அங்கேயே பையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டாள். அந்த வாரம் முழுக்க வயல்காரர்கள் வீட்டு வாசல் வரை போய்ப் போய்த் திரும்பினேன். மெஷின் சும்மா நின்றது.

கடைசியில் முத்துப்பேட்டையில் படகுக்கு பைபர் பூசும் பாய் ஒருவரிடம் போனேன். விஷயத்தைக் கேட்டு ரொம்ப நேரம் சிரித்தார்.

"தண்ணி உள்ள வராம பாக்குறதுதாங்க எங்க தொழில். நீங்க உள்ளேயே ஊத்துறீங்களா?"

டைல்ஸைப் பெயர்த்துவிட்டு, புதுப்பலகை மேல் பைபர் துணி விரித்துப் பூசினார். சுவரிலும் ஒரு சாண் ஏற்றினார். வழுக்காமல் இருக்க மணல் தூவி, தண்ணீர் ஓடப் பின்பக்கம் வாட்டம் கொடுத்து, மூலையில் ஓட்டை போட்டு ரப்பர் மூடி வைத்தார். அவளுக்குச் செய்தி அனுப்பினேன். "ஒரு வெள்ளிக்கிழமை பாப்பேன்" என்றுதான் வந்தாள்.

அந்த வெள்ளிக்கிழமை கோயில் நிலம் ஒன்றில் அறுப்பு. ஒருவரிடம் குத்தகைச் சீட்டு இருந்தது. நட்டு வளர்த்தது இன்னொருவர். ஒருவர் ஆளுங்கட்சிக் கரைவேட்டி, மற்றவர் எதிர்க்கட்சிக் கரைவேட்டி. ஆட்சி மாறினால் அந்த வயலுக்கும் ஆள் மாறுவதுதான் அங்கே வழக்கம். இருவரும் ஆட்களோடு மெஷினை மறித்து நின்றார்கள். தூறல் போட்டது. பேசித் தீர்க்கலாம் என்று, தகராறு கேட்டு வந்த வி.ஏ.ஓ. எல்லோரையும் எங்கள் வேனுக்குள் ஏற்றிவிட்டார். ஆறு பேர். அத்தனை காலிலும் சேறு.

சத்தம் கூடியதும் நான் மெல்ல நழுவினேன். "அடியில ஒழுகுதான்னு பாக்குறேன்" என்று யாரிடமோ சொல்லிவிட்டு வேனுக்குக் கீழே நுழைந்து மல்லாந்து படுத்துக்கொண்டேன்.

"சீட்டு எங்கிட்ட இருக்குய்யா!"

"சீட்டுலயா நெல்லு வெளைஞ்சுது? நட்டவன் நானு!"

நடுவில் என் மனைவியின் குரல். "காலத் தூக்கி பெஞ்சு மேல வச்சுக்குங்க. வெள்ளிக்கிழமை, கழுவணும்."

"பேசிக்கிட்டு இருக்கோம்ல தங்கச்சி."

"வாயாலதான பேசுறீங்க? கால் எதுக்கு?"

தொபேர் என்று தண்ணீர் விழுந்தது. பெஞ்சு முனகியது.

"தள்ளி உக்காருய்யா, விழுந்துடப் போறேன்."

"எந்தோளப் புடிச்சுக்கய்யா."

தோளைப் பிடித்துக்கொண்டு யாராலும் சண்டை போட முடியவில்லை. அந்தச் சமயத்தை வி.ஏ.ஓ. விடவில்லை. "மழையில நெல்லு சாஞ்சா யாருக்கும் இல்ல. அறுத்துக் கோயில் களத்துல போடுவோம். யாருக்குன்னு கோர்ட்டு சொல்லட்டும்." மேலே இரண்டு "சரி" கேட்டது.

எனக்கு அதெல்லாம் பெரிதாகப் படவில்லை. அடித்தகரத்தின் துரு ஓட்டைகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு சொட்டு இல்லை. சந்தோஷத்தில் வாயைத் திறந்தேன். அப்போது அவள் ரப்பர் மூடியைப் பிடுங்கினாள். ஓட்டை நேராக என் முகத்துக்கு மேல் இருந்தது. இரண்டு கட்சிச் சேறும் வாய்க்குள் போயிற்று.

"எங்கயாவது ஒழுகுதாங்க?" என்று ஓட்டை வழியாகக் கேட்டாள்.

துப்பிவிட்டு, "இல்ல" என்றேன்.

"அப்ப வீடுதான். ஈரக் காலோட உள்ள ஏறாதீங்க."