இரண்டு கட்டை இறக்கினால்

மலையூரான ரிங்லெட்டின் சமூக மண்டபத்தில் ஆண்டுக்கொருமுறை நடக்கும் பாட்டு நிகழ்ச்சிக்கு ஒரே விதிதான்: சினிமாப் பாட்டு கூடாது. பாடுபவரோ அவர் வீட்டில் ஒருவரோ எழுதியதாக இருக்க வேண்டும். அண்ணி பாட வந்தது என் அண்ணன் எழுதிய பாட்டு. அதற்காகத்தான் நான் கோலாலம்பூரிலிருந்து போயிருந்தேன். அண்ணன் இறந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை.

அவர் தேயிலை ஃபேக்டரியில் வேலை பார்த்தவர். ஃபேக்டரி கொடுத்த லயத்து வீட்டில் ஒரு பழைய கீபோர்டு வைத்திருந்தார். அடிவாரத்துத் தாப்பாவிலிருந்து கல்யாணமாகி மலைக்கு வந்த பெண் சொல்வதுபோல அந்தப் பாட்டை எழுதினார். வளைவுக்கு வளைவு பஸ்ஸில் வாந்தி எடுத்தது, முதல் இரவுக் குளிரில் கம்பளி முழுவதையும் இழுத்துக்கொண்டது என்று அண்ணிக்கு நடந்ததெல்லாம் அதில் இருக்கும். ஒவ்வொரு சரணமும் 'இனிமே நான் இறங்க மாட்டேன்' என்ற வரியில் உச்சத்துக்குப் போய் முடியும். அண்ணியின் குரல் அப்போது அங்கே சிரமமில்லாமல் போகும்.

அண்ணன் கைபேசியில் பதிந்து வைத்தது வீட்டில் பாடிப் பழகுவதற்கான இசை. அதில் அவர் குரலும் உண்டு. ஆரம்பத்தில் எண்ணுவார். உச்ச வரி நெருங்கும்போது, வாசித்துக்கொண்டே, "இப்ப மேல" என்பார். மேடைக்குப் பேச்சில்லாமல் தனியாகப் பதிவதாக இருந்தார். அதற்குள் அண்ணிக்குக் கழுத்தில் கட்டி கண்டு ஈப்போவில் அறுவை சிகிச்சை நடந்தது. மேல்குரல் திரும்பாமல் போகலாம் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். திரும்பவில்லை. சுருதியை இறக்கி மறுபடி வாசித்துத் தருகிறேன் என்றார் அண்ணன். அந்த மாதமே ஃபேக்டரியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை.

வீடு ஃபேக்டரி வேலைக்காரர்களுக்கானது. அண்ணி தாப்பாவில் தங்கை வீட்டுக்குப் போவதென்று முடிவாகி, சாமான்களைக் கட்டியாகிவிட்டது. தோட்டத்து ஆட்கள் முன்னால் அந்தப் பாட்டைப் பாட அவருக்கு இனி வேறு இடமில்லை.

ஸ்பீக்கர் வைத்தவர் மலையில் இன்னும் மேலே திரிங்காப்பில் பூத்தோட்டம் போட்டிருப்பவர். பூ ஏற்றும் லோரியிலேயே பெட்டிகளைக் கொண்டுவந்திருந்தார். காலையில் பாடிப் பார்த்தபோது அண்ணியின் குரல் ஒவ்வொரு முறையும் உச்சத்தில் உடைந்ததைக் கவனித்திருக்கிறார்.

"அக்கா, ரெண்டு கட்டை இறக்கிடலாம்லா. லேப்டாப்புலயே ஆயிரும்."

இறக்கிப் போட்டுக் காட்டினார். சுருதி அண்ணிக்குச் சரியாக அமைந்தது. ஆனால் கீபோர்டோடு சேர்ந்து அண்ணனின் குரலும் தடித்துப்போனது. தொண்டை கட்டிய பெரிய ஆள் ஒருவர் எண்ணுவதுபோல இருந்தது. எண்ணுவதை மட்டும் பழையபடி விட்டுவிடலாம், நடுவில் இசையோடு கலந்த பேச்சைப் பிரிக்க முடியாது என்றார் அவர்.

"இது யாரு?" என்று கேட்டார் அண்ணி.

அண்ணனே சுருதியை இறக்குவதாகத்தான் இருந்தார் என்று நினைவூட்டினேன்.

"அவரு இறக்குனா அவராவே இருப்பாரு தம்பி. இருக்கிறபடியே போடச் சொல்லுங்க. எனக்கு எட்டலேன்னா எட்டலே. நம்ம ஆளுங்க அவரைக் கேக்கட்டும்."

அண்ணிக்கு முன்னால் முட்டைக்கோஸ் தோட்டக்காரர் ஒருவர், பள்ளி விடுமுறையில் மலைப்பாதையை அடைக்கும் கார்களைப் பற்றிப் பாடினார். மண்டபம் கலகலப்பாக இருந்தது. பிறகு அண்ணி ஏறினார்.

"ஒண்ணு, ரெண்டு... ஏய், சிரிக்காத லா," என்றது ஸ்பீக்கர். பின்வரிசைகள் சிரித்தன. முன்வரிசையில் இருந்த கொழுந்து பறிக்கும் பெண்களுக்கு அது யார் குரல் என்று தெரியும். அவர்கள் அசையவில்லை.

வாந்தி எடுத்த வரிக்கு எல்லாரும் சிரித்தார்கள். "இப்ப மேல" என்றார் அண்ணன். அண்ணி வாயைத் திறந்தார். மைக்கில் காற்றுதான் வந்தது. கீபோர்டு தனியாக மேலே போய் இறங்கியது. இரண்டாம் சரணத்தில் அவர் முயலவே இல்லை. அந்த இடம் வந்ததும் மைக்கைத் தாழ்த்தி, தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டு நின்றார். கடைசிச் சரணத்தில் மட்டும் அந்த வரியைக் கீழ்க்குரலில், கீபோர்டோடு ஒட்டாமல், கிட்டத்தட்டப் பேசுவதுபோலச் சொன்னார். இனிமே நான் இறங்க மாட்டேன்.

இசை முடிந்ததும், எல்லாருக்கும் செய்ததுபோல, ஸ்பீக்கர்காரர் ஒலியைக் குறைத்து நிறுத்தினார். கைதட்டினார்கள். அண்ணி மைக்கை விட்டு நகரவில்லை. ஸ்பீக்கர் பெட்டியைப் பார்த்தபடி நின்றார். அறிவிப்பாளர் அடுத்த பாடகரை அழைத்த பிறகுதான் இறங்கி வந்தார்.

"கடைசியில பேசுவாரே," என்றார் என்னிடம். "அது வரலே."

வீட்டில் அதைக் கேட்டிருக்கிறேன். கடைசி ஸ்வரத்துக்குப் பிறகு சற்று நேரம் ஒன்றுமிருக்காது. நாற்காலி நகரும். பிறகு அண்ணன், "நல்லாருந்துச்சு. இன்னொரு வாட்டி," என்பார். காலை ஒத்திகையில் அதுவரை ஓடவிடவில்லை. இசைக்குப் பின்னால் பேச்சு இருப்பதை ஸ்பீக்கர்காரரிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை.

விஷயம் தெரிந்ததும் அவர் எழுந்து வந்து, இப்போதே போட்டுவிடுகிறேன் அக்கா, ஒரு நிமிடம்தான் என்றார். மேடையில் அடுத்தவர் கிதாரோடு உட்கார்ந்திருந்தார்.

"வேணாங்க. அவங்க பாடட்டும்."

நிகழ்ச்சி முடியும்வரை அண்ணி உட்கார்ந்திருந்தார். ஒவ்வொரு பாட்டுக்கும் கைதட்டினார்.

மறுநாள் சாமான்கள் லோரியில் முன்னால் போயின. கீபோர்டை மட்டும் கம்பளியில் சுற்றி என் காரின் பின்சீட்டில் படுக்கவைத்து, பக்கத்தில் அண்ணி உட்கார்ந்துகொண்டார். தாப்பா ரோட்டில் வளைவுகள் ஆரம்பித்ததும் ஓரமாக நிறுத்தவா, குமட்டுகிறதா என்று கேட்டேன்.

"இல்ல தம்பி, போங்க," என்றார். "ஏறுறப்பத்தான் எனக்கு வரும்."