அப்பாவை முதலில் அடித்தவர்

அப்பா என்னை முதன்முதலாக அடித்தபோது எனக்கு நாற்பத்து நான்கு வயது. சிறுவயதில் அவர் என் மேல் கை வைத்ததே இல்லை. பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அம்மா போன பிறகு காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் செவிலிமேட்டில் எங்கள் வீட்டில்தான் இருந்தார். அன்று காலை குளிக்கக் கூப்பிட்டேன். சட்டைப் பொத்தானைக் கழற்றப் போனதும், பக்கத்திலிருந்த எவர்சில்வர் சொம்பை எடுத்து என் முகத்தில் ஓங்கி அடித்தார். புருவம் கிழிந்து ரத்தம் கண்ணுக்குள் இறங்கியது.

"யாருடி நீ? என் பையைத் திருட வந்தியா?" என்றார்.

அவர் சொன்னது டிக்கெட் பையை. அதை டிப்போவில் ஒப்படைத்துப் பத்து வருடம் ஆகியிருந்தது.

நான்கு தையல் போட்டார்கள். எப்படி அடிபட்டது என்று நர்ஸ் கேட்டபோது, கதவில் இடித்துக்கொண்டேன் என்றேன்.

அதன் பிறகு வாரம் ஒரு முறையாவது அடி விழுந்தது. கடித்தார். சுடுசோற்றைத் தட்டோடு வீசினார். ஒரு நாள் நானும் திருப்பி அடித்தேன். கன்னத்தில், இரண்டு முறை. மூன்றாவது முறை ஓங்கிய கையை என் கணவர் பிடித்துக்கொண்டார். அப்பா கன்னத்தைத் தடவியபடி, "சில்லறை இல்லன்றதுக்கா அடிக்கிற?" என்று கேட்டார். நான் குளியலறைக்குள் போய்த் தாழிட்டுக்கொண்டேன்.

இது ஒரு நோய் என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. வயசானால் அப்படித்தான் என்றார்கள் உறவினர்கள். செய்வினை என்றார் ஒருவர். தாலுகா அலுவலகம் பக்கத்தில் ஒரு டைப்பிங் கடையில் எனக்கு வேலை. காலையில் அவரை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டுப் போவேன். மதியம் வந்து சோறு போடுவேன். அது கொடுமை என்று அப்போது தோன்றவில்லை.

ஒரு புதன்கிழமை பின்கதவின் தாழ்ப்பாளை உடைத்துக்கொண்டு போய்விட்டார். டவுன் பஸ் ஏறி, வேறு பஸ் மாறி, தென்னேரிக்கு அப்பால் ஒரு கிராமத்தில் இறங்கியிருக்கிறார். சாலையோரம் நான்கு வயதுப் பெண் குழந்தை தனியாக நின்றிருக்கிறது. குழந்தைகளைக் கைப்பிடித்து ஏற்றி இறக்கியே பழகியவர் அவர். அதன் கையைப் பிடித்து, "ஏறு ஏறு, வண்டி கெளம்புது" என்று இழுத்திருக்கிறார். குழந்தை அலறியது. பிள்ளை பிடிக்கிறவர்கள் சுற்றுகிறார்கள் என்று அந்த வாரம் முழுக்க எல்லோர் போனிலும் ஒரு வாட்ஸ்அப் செய்தி ஓடிக்கொண்டிருந்தது.

கரண்ட் கம்பத்தில் கட்டி வைத்து அடித்தார்கள். அவர் சட்டைப் பையில் எங்கள் டைப்பிங் கடை ரசீது ஒன்று இருந்தது. அதிலிருந்த எண்ணுக்குத்தான் போலீஸ்காரர் கூப்பிட்டார். நாங்கள் போனபோது கட்டை அவிழ்த்திருந்தார்கள். வேட்டி இல்லை. முன்பற்கள் போயிருந்தன. இடது கையின் இரண்டு விரல்கள் பின்பக்கமாக மடங்கிக் கிடந்தன. மூன்று விலா எலும்புகள் உடைந்திருந்தது பிறகுதான் தெரிந்தது.

"இப்டி இருக்கிறவர ஏம்மா வெளிய உடுறீங்க?" என்றார் போலீஸ்காரர். சுற்றி நின்றவர்கள் என்னைப் பார்க்காமல் தரையைப் பார்த்தார்கள்.

ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்த டாக்டர்தான் மறதி நோய் என்று சொன்னார். "நாலஞ்சு வருஷமாவே இருந்திருக்கும்மா. ஆரம்பத்துலயே தெரிஞ்சிருந்தா, யார் பாத்துக்கணும், என்ன வைத்தியம் வேணும், வேணாம்னு அவர்கிட்டயே கேட்டு வச்சிருக்கலாம். இனிமே கேட்டா பதில் வராது."

சில மாதம் கழித்து, சென்னையிலிருந்து ஓர் அறக்கட்டளை காஞ்சிபுரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் மறதி நோய் பற்றி வகுப்பு நடத்தியது. போனேன். திரையில் பூங்கா பெஞ்சில் ஒரு வெள்ளைக்காரத் தம்பதி சிரித்துக்கொண்டிருந்தார்கள். கீழே 'முன்கூட்டிய பராமரிப்புத் திட்டமிடல்' என்று போட்டிருந்தது. தெளிவாக இருக்கும்போதே விருப்பங்களை எழுதிக் கையெழுத்துப் போட்டு வையுங்கள் என்றதும் முன்வரிசையில் இருந்த தறிக்காரர் ஒருவர் எழுந்தார்.

"நான் உயிரோட இருக்கறப்பவே பாகம் பிரிக்கச் சொல்றீங்களா?"

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அவர் வெளியேறினார். பாதிப் பேர் பின்னாலேயே போனார்கள்.

வகுப்பை நடத்திய அம்மாவிடம் போய்ச் சொன்னேன். "எழுதச் சொல்லாதீங்க மேடம், கேக்கச் சொல்லுங்க. யார் கையால சாப்பிடணும், யார் குளிப்பாட்டணும்னு கேட்டா எங்க ஆளுங்க பதில் சொல்லுவாங்க. அப்புறம், அடிச்சா இன்னா பண்றதுன்னு நீங்க சொல்லவே இல்லியே."

"பணம் குடுத்தவங்க இந்தப் பாடத்துக்குத்தான் குடுத்திருக்காங்க. வேற மாதிரி வேணும்னா நீங்களே ஒரு விண்ணப்பம் போடுங்க" என்றார்.

ஊராருக்கு மனு அடித்துக் கொடுப்பதுதான் என் பிழைப்பு. வகுப்புகளை ஊர் ஊராகப் போய் நடத்த வேண்டும், வருகிறவர்களுக்கு அன்றைய கூலியைக் கொடுக்க வேண்டும், பேசுகிறவர்கள் வீட்டில் அடி வாங்கியவர்களாக இருக்க வேண்டும் என்று அறக்கட்டளைக்கு ஒரு விண்ணப்பம் அடித்தேன். 'தேவைக்கான காரணம்' என்ற இடத்தில் அப்பாவின் விலா எலும்புகளைப் பற்றி எழுதினேன். உணர்ச்சிவசப்பட்டு எழுதியிருப்பதாகத் திருப்பி அனுப்பினார்கள். ஒரு வார்த்தையும் மாற்றாமல் மறுபடி அனுப்பினேன். ஒரு வருடத்துக்குப் பணம் ஒதுக்கினார்கள்.

முதல் வகுப்பை அப்பாவைக் கட்டி வைத்து அடித்த அந்தக் கிராமத்தில்தான் வைத்தேன். "அவனுங்க மூஞ்சில போயி முழிக்கணுமா?" என்றார் கணவர். முழிக்கணும் என்றேன்.

சத்துணவுக் கூடத்தில் முப்பது பேர் இருந்தார்கள். அப்பாவுக்கு நடந்ததைச் சொல்லி முடித்தேன். பின்னாலிருந்து ஒருவர் எழுந்து என் முன்னால் வந்து நின்றார். என் வயதுதான் இருக்கும்.

"மொதல்ல அடிச்சது நான்தாம்மா. அது என் பொண்ணு."

அவரைப் பார்த்தால் என்ன கேட்க வேண்டும் என்று மாதக்கணக்கில் மனதுக்குள் சொல்லிப் பார்த்திருந்தேன். கையில் மைக் இருந்தது. அதாலேயே அவர் வாயில் அடித்தேன். உதடு பிளந்தது. அந்தச் சத்தம் ஒலிபெருக்கியில் கூடம் முழுக்கக் கேட்டது. இரண்டு ஆண்கள் என்னைப் பிடிக்க ஓடிவந்தார்கள். அவர் கையை நீட்டித் தடுத்தார். துண்டால் ரத்தத்தை ஒற்றிக்கொண்டே சொன்னார்.

"எங்க அம்மாவும் இப்டித்தான் இருக்குது. கட்டித்தான் போட்டிருக்கேன். வந்து பாக்கறீங்களாமா?"

போனேன். மாட்டுக்கொட்டகைத் தூணோடு கணுக்காலைக் கட்டியிருந்தார். கயிறு தோலை அறுத்துச் சதைக்குள் இறங்கியிருந்தது. குனிந்து அவிழ்த்தபோது அந்த அம்மா என் மணிக்கட்டைக் கடித்தார். பல் இறங்கியது. விடவில்லை. மகன் கையை ஓங்கிக்கொண்டு வந்தார்.

"ஓங்காதீங்க" என்றேன்.

அவர் அப்படியே சாணித் தரையில் உட்கார்ந்து அழுதார். "நான் ஒருத்தன் இன்னாமா செய்வேன்? மாடு பாக்கணும், வயலுக்குப் போவணும்."

சாயங்காலம் வரை அங்கேயே உட்கார்ந்து, யார் எந்த நேரத்தில் கூட இருப்பது என்று பேசினோம். மதியத்தில் பார்த்துக்கொள்ளப் பக்கத்து வீட்டுப் பெண் ஒப்புக்கொண்டாள். பிறகு அந்த அம்மாவிடமே கேட்டேன். உனக்கு இன்னும் முடியாமல் போனால் எப்படி இருக்கணும்? அவர் வெளியே ஏரிப் பக்கம் கையைக் காட்டினார்.

"பெரிய பொண்ணு ஊட்டுக்கு அனுப்பாத. ஆஸ்பத்திரில போடாத. ஏரி தெரியறாப்ல படுக்க வை."

மகன் அவரிடம் இதையெல்லாம் கேட்டதே இல்லை.

எட்டு மாதம் கழித்து அப்பா எங்கள் வீட்டிலேயே இறந்தார். கடைசியாக என்ன வேண்டியிருந்தது என்று எனக்குத் தெரியாது. கேட்பதற்கு நாலைந்து வருடம் இருந்தது. கேட்கலாம் என்பதே தெரியவில்லை. மைக்கால் அடித்ததையும் அறக்கட்டளைக்கு அனுப்பிய அறிக்கையில் எழுதினேன். கூப்பிட்டுக் கண்டித்தார்கள். ஆனாலும் இரண்டாம் வருடத்துக்கும் பணம் கொடுத்தார்கள்.

அந்த மனிதரை நான் மன்னிக்கவில்லை. அவரும் மன்னிப்புக் கேட்கவில்லை. ஆனால் அடிக்கடி போன் செய்வார். போன வாரமும் செய்தார்.

"இன்னிக்கு அம்மா கரண்டியால என் மண்டையில போட்டுடுச்சுமா. ரெண்டு தையலு."

"நீங்க இன்னா பண்ணீங்க?"

"வெளிய போயி மாட்டாண்ட நின்னுக்கினு இருந்தேன். கொஞ்ச நேரத்துல அதுவே வந்து, சாப்டியாடான்னு கேக்குது."