பாறையில் ஒரு பின்னல்

ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் அவளுக்குப் பட்டாசு என்று பெயர். திரியைக் கொளுத்தவே வேண்டாம், பக்கத்தில் நின்றாலே வெடிப்பாள் என்பார்கள். கொதிக்கும் தொட்டியிலிருந்து படுக்கை விரிப்புகளை இழுத்து, முறுக்கிப் பிழிந்து, உதறிக் கொடியில் போட்டே காய்த்துப்போன கைகள். பெண் கேட்டு வந்தவர்களும் உண்டு. உள்ளறையில் படுத்த படுக்கையாகக் கிடந்த அம்மாவைக் கண்டதும், கொடுத்த காபி ஆறுவதற்குள் எழுந்து போய்விட்டார்கள்.

அந்த அம்மா தினமும் கண் விழித்ததும் ஒரே கேள்விதான் கேட்பாள்.

"தம்பி மருந்து வாங்கிட்டு வந்துட்டானா?"

கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதுகிறவன் தம்பி. அம்மாவுக்கு வலி மருந்து வாங்கிவரப் போனவன், அப்படியே போனான். எத்தனை வருஷம் என்று எண்ணுவதைக்கூடப் பட்டாசு விட்டுவிட்டாள். "வந்துடுவான்" என்பாள், பல்லைக் கடித்துக்கொண்டு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சலவைக்கூடத்துப் பெண்கள் மலையேறக் கிளம்பினார்கள். பக்கத்து வீட்டு அத்தையை அம்மாவுக்குத் துணை வைத்துவிட்டுப் பட்டாசும் போனாள். பாதி மலையில், பாதை திரும்பும் இடத்தில், ஆளுயரப் பாறை முழுக்க ஒரு ஓவியம். பள்ளிச் சீருடையில் சைக்கிள் மிதிக்கும் ஒரு பெண்ணின் முதுகு. வியர்வையில் ஒட்டிய சட்டை. ஒரு பக்கமாகச் சாய்ந்த தோள். யார் வரைந்தது என்று யாருக்கும் தெரியாது. கீழே பெயரும் இல்லை. செல்போனும் கையுமாக ஒரு கூட்டமே நின்றது.

சூப்பர்வைசர் அம்மாள் உருகினாள். "அந்தப் பின்னலைப் பாருங்கடி! காத்துல எப்படிப் பின்னாடி பறக்குது! என்ன ஒரு சுதந்திரம்!"

"காத்துமில்லை, கத்தரிக்காயுமில்லை" என்றாள் பட்டாசு. "எவனோ பிடிச்சு இழுக்கறான், மேடம்."

"படத்துல வேற யாருமே இல்லையே?"

அவள் கை தானாகப் பின்மண்டைக்குப் போயிற்று. அந்த வலி இன்னும் அங்கேதான் இருந்தது.

அப்பா இறந்தபிறகு தம்பியைப் பள்ளிக்கூடத்துக்குக் கேரியரில் வைத்து மிதித்தவள் அவள்தான். பயந்தாங்கொள்ளிப் பயல். பள்ளம் வந்தால் போதும், அவள் பின்னலின் நுனியைக் கை முஷ்டியில் சுற்றிப் பிடித்துக்கொள்வான். "விடுடா, வலிக்குது!" என்று கத்துவாள். "விழுந்துடுவேன்க்கா!" என்பான். அப்புறம் எங்கே விடச் சொல்வது?

கேரியரில் உட்கார்ந்தவன் கண்ணுக்கு மட்டும் தெரிந்த முதுகு அது. அதை ஊரே பார்த்து ரசிக்கிறது!

பின்சக்கரம் பாதிதான் வரைந்திருந்தது. அப்படியானால் முடிக்க வருவான்.

"என்னடி, அழறியா?" என்றாள் கூட வந்தவள்.

"புகையுது. தள்ளி நில்லு."

அடுத்த ஞாயிறு விடிந்ததும் தனியாக ஏறினாள். அவன் இருந்தான். காதோரம் நரைத்து, பெயிண்ட் டப்பாவோடு குந்தியிருந்தான். அவளைக் கண்டதும் பிரஷ் கைநழுவி விழுந்தது.

"அக்கா..."

"முதுகு நல்லா ஞாபகம் இருக்கு. மூஞ்சி மறந்துடுச்சாடா?"

"வரையத் தைரியம் வரலைக்கா."

"டப்பாவைத் தூக்கிட்டு இவ்வளவு உயரம் ஏறத் தெரியுது. நம்ம வீட்டுக் கதவைத் தட்டத் தெரியலையா?"

அவன் தலை குனிந்தான். "மருந்துக் கடை வாசல்ல நின்னேன்க்கா. அம்மா வலியில கத்தறது அங்கேயும் கேட்ட மாதிரி இருந்துச்சு. பஸ் வந்துச்சு, ஏறிட்டேன். நாளைக்குத் திரும்பிடலாம்னுதான்..."

"எனக்கும் கேட்டுச்சுடா! எனக்கு மட்டும் கால் இல்லையா?"

அவன் விழுந்த பிரஷைப் பொறுக்கியபடி முனகினான். "அம்மா... எப்பக்கா போனாங்க?"

பளார் என்று விழுந்தது அறை. விரிப்புகளை முறுக்கிப் பிழிந்த கை அது.

"போகலைடா பாவி! இன்னிக்குக் காலையிலயும் கேட்டா, தம்பி மருந்து வாங்கிட்டு வந்துட்டானான்னு!"

அவன் அப்படியே சரிந்து, பாறையைக் கட்டிக்கொண்டு கதறினான். அவள் அழவில்லை. அவன் அழுகையைப் பார்க்கப் பார்க்க அவளுக்கு ஆத்திரம்தான் பொங்கியது.

"பாறையைக் கட்டிக்கிட்டு என்னடா அழுகை? எழுந்திரு. முன்னாடி நட."

"சக்கரம் பாக்கி இருக்குக்கா..."

"கிடக்கட்டும்."

ஒற்றையடிப் பாதையில் அவன் முன்னால், அவள் பின்னால். அவன் சட்டை நுனியை முஷ்டியில் சுற்றிப் பிடித்திருந்தாள்.

"விடுக்கா, சட்டை கிழியுது."

"கிழியட்டும்."

பஸ் நிறுத்தத்தைக் கடக்கும்போது பிடி இன்னும் இறுகியது. மருந்துக் கடை முன்னால்தான் நின்றாள். "வாங்கு. அன்னிக்கு வாங்கிட்டு வர்றேன்னு சொன்னியே, அதேதான்."

வாங்கினான். வீட்டுக் கதவைத் திறக்கும்வரை அவள் சட்டையை விடவில்லை. காலடி கேட்டு உள்ளறையிலிருந்து அந்தக் குரல் மெலிதாக வந்தது.

"தம்பி மருந்து வாங்கிட்டு வந்துட்டானா?"

"இத்தனை நாள் நான் சொன்னேன். இப்ப நீ சொல்லுடா பதில்" என்று அவனை உள்ளே தள்ளினாள்.