முதல் கார் எதிர்வீட்டுக்கு

கொலீசியம் மைதானத்தில் ஆட்டம் இருக்கும் நாளெல்லாம் வெர்லீன் மஞ்சள் துண்டோடு வாசலில் நிற்பாள். மென்லோ அவென்யூவில் எல்லா வீட்டுக்காரர்களும் அப்படித்தான் நிற்பார்கள். வீட்டு முற்றத்தில் கார் நிறுத்த இடம் கொடுத்துக் காசு வாங்குவது அந்தத் தெருவின் பழைய வழக்கம். வெர்லீனிடம் மட்டும் ஒரு விசித்திரம் உண்டு. தன் முற்றம் காலியாகக் கிடந்தாலும் முதலில் வரும் காரை அவள் உள்ளே விடமாட்டாள். துண்டை வீசி எதிர்வீட்டு எர்னஸ்டீனின் முற்றத்துக்கு அனுப்பிவிடுவாள். இரண்டாவது காரிலிருந்துதான் அவளுக்கு வியாபாரம்.

"வெர்லீன், ஆண்டவரு சொர்க்கத்துல உனக்குன்னு தனியா ஒரு பார்க்கிங் போட்டு வச்சிருப்பாரு," என்று பக்கத்து வீட்டு ஹோரஸ் கிண்டல் செய்வான்.

"உன்னை அங்க கேட்டுக்குள்ளயே விடமாட்டாங்க. போய் உன் காரைக் கவனி."

தெருவே சிரிக்கும். அவள் முகம் மட்டும் வேறு பக்கம் திரும்பியிருக்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பாஸ்டர் இதைப் பிரசங்கத்திலேயே சொல்லிவிட்டார், அயலானை நேசிப்பது என்றால் இதுதான் என்று. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். வெர்லீன் தொப்பியின் விளிம்பைக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டாள். அந்தத் தொப்பியை அதற்குப் பிறகு அவள் போடவே இல்லை.

இதற்கெல்லாம் முன்னால், எண்பத்து நாலில், ஒலிம்பிக் அவர்கள் தெருமுனைக்கே வந்தது. முப்பத்திரண்டிலும் அதே மைதானத்தில் நடந்ததுதான். ஆனால் அந்தக் காலத்தில் கறுப்பர்களுக்கு இந்தப் பக்கம் யாரும் வீடு விற்கமாட்டார்கள். "அன்னிக்கு வெள்ளைக்காரங்க வாசல்ல கார் நின்னுச்சு. இப்ப நம்ம முறை," என்று தெரு முழுக்கப் பேச்சு. வெர்லீனுக்கு அப்போது நாற்பத்தொரு வயது. கணவன் இறந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. கூரை ஒழுகியது. கணவன் வைத்த எலுமிச்சை மரத்தை, இன்னும் இரண்டு கார் நிற்கட்டும் என்று வேரோடு எடுக்கச் சொல்லி, அங்கே சரளைக்கல் கொட்டினாள்.

அவளுக்கு இருந்த ஒரே தொல்லை ரோலண்ட், எர்னஸ்டீனின் மகன். பத்தொன்பது வயது. நீலத் துணி ஒன்றைத் தலைக்கு மேல் சுழற்றிக்கொண்டு தெரு மூலையில் ஆடுவான். "வாங்க ராசா, இங்க விடுங்க! காக்கா எச்சம் போட்டா என் சட்டையாலயே துடைக்கிறேன்!" ஓட்டுகிறவர்கள் சிரித்துக்கொண்டே அவன் பக்கம் திரும்பிவிடுவார்கள். முந்தின வருட ஆட்டங்களில் அவன் முற்றம் நிரம்பி வழிந்த பிறகே வெர்லீனுக்கு மிச்சம் வந்தது.

"மிஸ் வெர்லீன், நீங்களும் கொஞ்சம் ஆடுங்க. வண்டி தானா வரும்!"

"ஆடலாம்டா. முட்டி போனா வைத்தியச் செலவு நீ பாப்பியா?"

அவன் மேல் அவளுக்குக் கோபம் என்று சொல்ல முடியாது. சரளைக்கல்லைப் பார்க்கும்போது மட்டும் வயிறு எரியும்.

போட்டிக்குச் சில வாரங்கள் இருக்கும்போது போலீஸ் வண்டிகள் ஓயாமல் சுற்றின. விருந்தாளிகள் வருமுன் தெருக்களிலிருந்து அடிதடிக் கும்பல்களை அப்புறப்படுத்துகிறார்களாம். நீலம் ஒரு கும்பலின் நிறம். அது அங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஒரு சாயங்காலம் இளம் போலீஸ்காரன் ஒருவன் வெர்லீன் வாசலில் வண்டியை நிறுத்தினான்.

"மேடம், அந்த மூலையில நீலத் துணியோட நிக்கிறானே, அவன் யாரு? கும்பல்ல இருக்கானா?"

அந்தத் துணி எர்னஸ்டீனின் சமையலறைத் திரையில் மிஞ்சிய துண்டு. அதற்கு ஓரம் அடித்தது வெர்லீனின் தையல் மிஷினில்.

"எனக்கென்ன தெரியும் சார்? நாள் முழுக்க அந்தத் துணிய வச்சுக்கிட்டு அங்கதான் நிக்கிறான். பையங்க வருவாங்க, போவாங்க."

முதல் வார்த்தைதான் பொய், மீதியெல்லாம் உண்மை என்று பின்னால் பல வருடம் தனக்கே சொல்லிப் பார்த்தாள். அதட்டி வீட்டுக்கு அனுப்புவார்கள், கொஞ்ச நாள் மூலையில் நிற்கமாட்டான், அவ்வளவுதான் என்று நினைத்தாள். உண்மையிலேயே அப்படித்தான் நினைத்தாளா? அதுவும் பிறகு சேர்த்துக்கொண்டதாக இருக்கலாம்.

அன்றே கைகளைப் பின்னால் கட்டி ரோலண்டைப் போலீஸ் வண்டியில் ஏற்றினார்கள். எர்னஸ்டீன் வேலையிலிருந்து வந்திருக்கவில்லை. அவன் தெருவைச் சுற்றிப் பார்த்துவிட்டு வெர்லீனைத்தான் கூப்பிட்டான்.

"மிஸ் வெர்லீன்! நான் யாருன்னு இவங்ககிட்ட சொல்லுங்க!"

அடுப்பில் பீன்ஸ் தீய்கிறது என்று அவள் உள்ளே போய்விட்டாள். அடுப்பில் ஒன்றுமே இல்லை.

ஒலிம்பிக் வந்தது. கார்கள் வரவில்லை. வெளியூர்க்காரர்கள் பஸ்ஸில் வந்து பஸ்ஸில் போனார்கள். நெரிசலுக்குப் பயந்து ஊர்க்காரர்களும் காரை வெளியே எடுக்கவில்லை. மைதானத்திலிருந்து லட்சம் பேர் கத்துவது கேட்டது. சரளைக்கல்லில் வெயில் மட்டும் நின்றது. எதிர்வீட்டு வாசலில் எர்னஸ்டீன் தனியாக நின்றாள்.

"போலீஸ்கிட்ட யாருடி சொல்லியிருப்பா? அந்த மூலைக்கடைக்காரனாத்தான் இருக்கும், இல்ல?"

"இருக்கும்," என்றாள் வெர்லீன்.

அன்றிலிருந்து எர்னஸ்டீன் அந்தக் கடையில் பால் வாங்கவில்லை. எட்டுத் தெரு தள்ளி நடந்தாள். வெர்லீனும் கூடவே நடந்தாள்.

போட்டி முடிந்ததும் வழக்கு ஏதுமில்லை என்று ரோலண்டை விட்டுவிட்டார்கள். பஸ் டிப்போவில் கிடைத்திருந்த வேலைக்கு அதற்குள் வேறு ஆள் வந்துவிட்டான். அதன் பிறகு ரோலண்ட் தெருவில் நிற்கவே இல்லை. ஹூஸ்டனில் இருந்த மாமாவிடம் போய்விட்டான். அந்த இலையுதிர் காலத்தின் முதல் ஆட்டத்தன்றுதான் வெர்லீன் முதல் காரை எதிர்வீட்டுக்கு அனுப்பினாள்.

முப்பது வருடம் அனுப்பினாள். பிறகு எர்னஸ்டீன் வீட்டை விற்றுவிட்டு மகனிடம் கிளம்பினாள். போகிற அன்று அந்த நீலத் துணியை மடித்துக் கொண்டுவந்து கொடுத்தாள்.

"போலீஸ்காரங்க திருப்பிக் குடுத்தது. தூக்கிப் போட மனசு வரல. உன் மிஷின்ல தச்சதுதானே, நீ வச்சுக்கோ. இந்தத் தெருவுல நீ ஒருத்திதான் என்னைப் பாத்துக்கிட்ட."

"எர்னஸ்டீன், அன்னிக்கு அந்தப் போலீஸ்காரன் என்கிட்ட வந்து..."

"என்னடி?"

"ஒண்ணுமில்ல. டாக்ஸிக்காரன் ஹாரன் அடிக்கிறான் பாரு. கிளம்பு நீ."

இப்போது வெர்லீனுக்கு எண்பது வயது தாண்டிவிட்டது. மறுபடியும் ஒலிம்பிக் வரப்போகிறது என்று தெரு பேசுகிறது. எதிர்வீட்டை வாங்கியவர்கள் இரும்புக் கேட் போட்டுவிட்டார்கள். போன இலையுதிர் காலத்தில், ஆட்டமுள்ள ஒரு நாள் காலையில், ஹூஸ்டனிலிருந்து ரோலண்ட் கூப்பிட்டான். குரலில் வயசு தெரிந்தது.

"மிஸ் வெர்லீன், அம்மா உங்களைக் கேட்டாங்க. இன்னும் முதல் காரை எங்க வீட்டுக்குத்தான் அனுப்புறீங்களா?"

"கேட் போட்டுட்டாங்கப்பா."

"அப்ப எங்க அனுப்புறீங்க?"

"எங்கயும் இல்ல. போகவிட்டுடறேன்."

அவன் சிரித்தான்.

"ஒண்ணு கேக்கணும்னு ரொம்ப நாளா. அன்னிக்கு நான் கத்துனது உங்களுக்குக் கேட்டுச்சா?"

வாசலில் ஒரு கார் வந்து நின்றது. ஓட்டுகிறவன் அவளைப் பார்த்துக் கையை ஆட்டினான்.

"அடுப்புல பீன்ஸ் வச்சிருந்தேன்பா," என்றாள் வெர்லீன்.

"சரி," என்றான் ரோலண்ட். "உடம்பப் பாத்துக்கோங்க."

அவன் போனை வைத்த பிறகும் அவள் காதிலிருந்து எடுக்கவில்லை. அவன் யார் என்று அன்றைக்குச் சொல்லியிருக்க வேண்டிய பதிலை இன்றுவரை அவள் யாரிடமும் சொல்லவில்லை.