கம்பெனி பஸ்ஸில் ஒரு கையெழுத்து

செங்கல்பட்டுக்கு வெளியே எங்கள் தொழிற்சாலையில் தீயணைப்புப் பயிற்சி என்பது வெறும் நோட்டுதான். ஷிப்டு முடிந்து பஸ்ஸில் ஏறுகிறவர்களிடம் அதை நீட்டி, ‘பயிற்சி பெற்றேன்’ என்று கையெழுத்து வாங்குவது என் வேலை. அலுப்பில் எல்லோரும் போட்டுவிடுவார்கள். திருக்கழுக்குன்றத்திலிருந்து வரும் பாய்லர்காரர் மட்டும், புருவம் கருகிய மனிதர், கண்ணாடி மாட்டி வரிவரியாகப் படிப்பார்.

அன்று படித்து முடித்ததும் நோட்டை என்னிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு, பஸ்ஸில் மாட்டியிருந்த தீயணைக்கும் சிலிண்டரைக் கழற்றி என் மடியில் வைத்தார்.

“இத்த எப்படி சார் தொறக்கறது? சொல்லிக்குடு, போட்டுடறேன்.”

திருப்பித் திருப்பிப் பார்த்தேன். தெரியவில்லை. நோட்டில் ‘பயிற்சி அளித்தவர்’ என்ற இடத்தில் என் கையெழுத்து இருந்தது.

“உனக்கும் ஒருத்தனும் சொல்லிக்குடுக்கலியா, நைனா?” என்றார். பிறகு நோட்டை வாங்கிக் கையெழுத்துப் போட்டார்.

அவர் போடாமலே இருந்திருக்கலாம்.